தனியாக இருந்தவர்களால் யாருக்கு என்ன பிரயோஜனம்?

எனக்குச் சித்தப்பா முறையாகும் ஒருவர் கல்யாணம் செய்துகொள்ளாமல், வேலையிலிருந்தும் சீக்கிரமே விலகி, கடைசி வரை தனியாக வாழ்ந்து போய்ச் சேர்ந்தார். சாமியார் இல்லை. காவி உடுத்தவில்லை, உபதேசம் செய்யவில்லை, ஒரு வரிகூட எழுதிவைக்கவில்லை. ஓர் அறை, கொஞ்சம் புத்தகம், காலையும் மாலையும் நெடுநேர நடை, அவ்வளவுதான். காரியங்கள் எல்லாம் முடிந்து உறவுக்காரர்கள் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தபோது அத்தை சொன்னார்: "நல்ல பிள்ளைதான், யார் வம்புக்கும் போகமாட்டான். ஆனா அவனால யாருக்கு என்ன பிரயோஜனம், சொல்லு?" அதில் கோபமோ ஏளனமோ இல்லை. கூடப் பிறந்தவனைக் கடைசி வரை விளங்கிக்கொள்ள முடியாத ஒரு அக்காவின் கேள்வி அது. பக்கத்தில் இருந்த ஒருவர், "ஏகாந்தம் இனிதுன்னு ஔவையாரே பாடியிருக்காங்களே" என்று சமாதானம் சொல்லிப் பேச்சை முடித்துவைத்தார். பேச்சு முடிந்துவிட்டது. கேள்வி மட்டும் என்னோடு வந்துவிட்டது.

அந்தச் சமாதானம் எனக்குப் போதவில்லை. ஔவை முருகனுக்குச் சொல்வதாக வரும் பாட்டில் பதில் "இனிது இனிது ஏகாந்தம் இனிது" என்றுதான் தொடங்குகிறது. ஆனால் அங்கேயே நின்றுவிடவில்லை. அதனினும் இனிது ஆதியைத் தொழுதல். அதனினும் இனிது அறிவினர்ச் சேர்தல். அதனினும் இனிது அறிவுள்ளோரைக் கனவிலும் நனவிலும் காண்பது. தனிமையில் கால்வைத்துப் படிப்படியாக ஏறி, கடைசியில் மனிதர் முகத்தில் போய் நிற்கிறது பாட்டு. தனியாக இருப்பதைப் போற்றுகிறவர்கள் பின்னால் வரும் மூன்றையும் விட்டுவிடுகிறார்கள். நாலு பேரோடு கூடி வாழ்வதே வாழ்க்கை என்பவர்களோ முதலாவதை மறந்துவிடுகிறார்கள். ஔவை எதையும் தள்ளவில்லை. ஏகாந்தத்தை இனிது என்று அழுத்திச் சொல்லிவிட்டுத்தான் அடுத்ததற்குப் போகிறார்.

அத்தையின் கேள்விக்கு வழக்கமான பதில் ஒன்று உண்டு. தனித்துப் போனவர்கள்தான் ஞானம் தேடிக்கொண்டு வந்தார்கள், மருந்து கண்டார்கள், நூல் எழுதினார்கள், அரசனுக்கே புத்தி சொன்னார்கள் என்று பட்டியல் போடலாம். பட்டியல் பொய்யும் இல்லை. ஆனால் அந்தப் பதிலைச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. காய்த்த மரங்களை மட்டும் எண்ணிவிட்டுத் தோப்பைக் கணக்கெடுத்தாயிற்று என்பது போல அது. நமக்குப் பெயர் தெரிந்த தனியர்கள், யாரோ தேடிப்போய்க் கண்டுபிடித்து எழுதிவைத்ததால் தெரிந்தவர்கள். தேடிப்போக ஆள் இல்லாமல், எழுதிவைக்க எதுவும் இல்லாமல் குகையிலும் குடிசையிலும் இருந்து மறைந்தவர்கள் எத்தனையோ பேர். அவர்கள் வாழ்க்கையெல்லாம் வீண் என்று சொல்ல வேண்டியிருக்கும் என்றால், பட்டியலில் இருப்பவர்களை வைத்து நான் வாதாடி என்ன பயன்?

கதவைப் பெயர்த்தவர்கள்

கிறிஸ்தவத் துறவிகளுக்கெல்லாம் முன்னோடியாகச் சொல்லப்படும் வனத்து அந்தோணியார் 251 வாக்கில் எகிப்தில் பிறந்தவர். பெற்றோர் இறந்த பிறகு, இருந்த நிலத்தைக் கொடுத்துவிட்டு, தங்கையைக் கன்னியர் சிலரின் பொறுப்பில் விட்டுவிட்டு, ஊரிலிருந்து கட்டம் கட்டமாக விலகிப் போனார். முதலில் ஊர் ஓரம், பிறகு ஒரு கல்லறை, அதன் பிறகு நைல் நதிக்கு அப்பால் பாழடைந்த ஒரு கோட்டை. அந்தக் கோட்டைக்குள் ஏறக்குறைய 20 வருடம் இருந்தார். வருடத்துக்கு இரண்டு தடவை கூரை வழியாக ரொட்டி இறக்கப்படும். கேட்க வந்தவர்களுக்குக் குரல் மட்டும் கேட்கும். கடைசியில் பொறுக்கமாட்டாமல் நண்பர்கள் கதவையே பெயர்த்து எடுத்துவிட்டார்கள். அவருடைய வரலாற்றை எழுதிய அத்தனாசியார் அந்த நிமிடத்தை நின்று நிதானமாகச் சொல்கிறார். வெளியே வந்தவர் உள்ளே போனபோது இருந்த மாதிரியே இருந்தார். பருக்கவும் இல்லை, இளைக்கவும் இல்லை. கூட்டத்தைப் பார்த்து எரிச்சல்படவும் இல்லை, இத்தனை பேர் நம்மைத் தேடி வந்திருக்கிறார்களே என்று பூரிக்கவும் இல்லை.

பிற்காலத்தில் அவர் செங்கடல் பக்கம் ஒரு மலையடிவாரத்துக்குப் போனார். ரொட்டியைத் தூக்கிக்கொண்டு இவ்வளவு தூரம் நடக்கும் சிரமம் யாருக்கும் வேண்டாம் என்று, மண்வெட்டியும் கொஞ்சம் தானியமும் கேட்டு வாங்கி அங்கேயே விதைத்தார். தன் ரொட்டிக்கு வழி செய்துகொண்ட பிறகும் மக்கள் வந்துகொண்டே இருந்தார்கள். அவ்வளவு தூரம் வெயிலில் நடந்து வருகிறவர்கள் களைத்துப்போய் வருவார்களே என்று அவர்களுக்காகக் கொஞ்சம் காய்கறியும் போட்டார். விலகிப் போன மனிதர், வரப்போகும் விருந்தாளிக்காகப் பாலைவனத்தில் பாத்தி கட்டுகிறார். பேய்களோடு போராடிய கதைகளைவிட இந்தப் பாத்திதான் என் மனதில் நிற்கிறது.

சிரியாவில் சிமியோன், தன்னைத் தொட்டுப் பார்க்க வரும் கூட்டத்திலிருந்து தப்பிக்கத் தூண் மேல் ஏறினார்; 459-ல் இறக்கும் வரை 36 வருடத்துக்கு மேல் இறங்கவில்லை. கூட்டம் பல மடங்கானதுதான் மிச்சம். வழக்குகளைக்கூட அவரிடம் கொண்டுவந்தார்கள், அவரும் பிற்பகல்களில் தீர்த்துவைத்தார். ஜப்பானில் கமோ நோ சோமே என்ற கவிஞர் மலைச்சரிவில் நாலு பக்கமும் சுமார் 3 மீட்டர் அளவில் ஒரு குடிசை கட்டினார். பிடிக்காவிட்டால் பிரித்து இரண்டு வண்டியில் ஏற்றிக்கொண்டு போய்விடலாம் என்பதுபோன்ற குடிசை. 1212-ல் அதைப் பற்றி எழுதியபோது தன் தோழனாக அவர் குறிப்பிடுவது மலைக்காவலரின் பத்து வயதுப் பையனை. இவருக்கு அறுபது. இருவரும் சேர்ந்து பழம் பொறுக்கவும் கீரை பறிக்கவும் போகிறார்கள். கடைசிப் பக்கத்தில், இந்தக் குடிசையின் மேல் எனக்கு இருக்கும் பிரியமும் ஒரு பற்றுதானே என்று தன்னையே கேட்டுக்கொள்கிறார். மனம் பதில் சொல்லவில்லை. புத்தரின் பெயரை இரண்டு மூன்று தரம் சொல்லிவிட்டு அப்படியே விட்டுவிடுகிறார். எனக்கு அவர் மேல் பெரிய மரியாதை வந்தது அந்த இடத்தில்தான். தனிமையைக்கூடச் சொத்தாகச் சேர்த்துவைத்துக்கொள்ள முடியும் என்பதை, அதை ஆசைஆசையாக அனுபவித்தவரே கண்டுபிடித்துச் சொல்கிறார்.

உன்னால் எனக்கு என்ன ஆயிற்று?

தனிவாழ்வைக் கேள்வி கேட்டவர்களில் முக்கியமானவர் பசிலியார். நாலாம் நூற்றாண்டுக்காரர், பிற்பாடு செசரியாவின் ஆயர். அவரும் வாலிப வயதில் ஆற்றங்கரை ஒன்றில் ஒதுங்கி வாழ்ந்தவர்தான், அந்த இடத்தின் அழகை நண்பருக்கு எழுதி மகிழ்ந்தவர்தான். ஆனால் துறவிகளுக்கு விதி எழுத உட்கார்ந்தபோது, தனியாக வாழ்கிறவனைப் பார்த்து நேருக்கு நேர் கேட்டார்: நீ யாருடைய காலைக் கழுவுவாய்? யாருக்குத் தொண்டு செய்வாய்? யாருமே இல்லாத இடத்தில் எல்லாருக்கும் கடைசியானவனாக எப்படி இருப்பாய்? வெறும் பேச்சோடு நிற்கவில்லை. நோயாளிகளுக்கும் வழிப்போக்கர்களுக்கும் இடமாகப் பெரிய மருத்துவ இல்லம் ஒன்றையும் கட்டினார். அத்தையின் கேள்வியை இதைவிடக் கூர்மையாகக் கேட்க முடியாது. பொறுமை இருக்கிறதா என்று தெரிய, பொறுமையைச் சோதிக்கிற ஆள் ஒருவராவது வேண்டும். பணிவும் அப்படித்தான். குகையில் கோபமே வரவில்லை என்று ஒருவர் சொன்னால், அங்கே கோபமூட்ட யார் இருந்தார்கள் என்று கேட்பது நியாயமே.

இதற்குப் பதில் தேடிப் புரட்டிக்கொண்டிருந்தபோது, பௌத்தத் துறவிகளுக்கான விதி நூலான விநய பிடகத்தில் ஒரு நிகழ்ச்சி கிடைத்தது. முன்பே எங்கோ படித்ததுதான், ஆனால் இந்த முறை அதில் வரும் ஒரு வாக்கியத்தில் நின்றுவிட்டேன். பிக்கு ஒருவருக்கு வயிற்றுப்போக்கு. எழுந்திருக்க முடியாமல் தன் மலமூத்திரத்திலேயே கிடக்கிறார். சீடர் ஆனந்தரோடு அந்தப் பக்கம் வந்த புத்தர், உன்னைப் பார்த்துக்கொள்ள யாரும் இல்லையா என்று கேட்கிறார். இல்லை. ஏன் மற்ற பிக்குகள் பார்த்துக்கொள்வதில்லை? நோயாளி சொல்லும் பதில்: "என்னால் அவர்களுக்கு ஆவது எதுவும் இல்லை, அதனால் அவர்கள் என்னைக் கவனிப்பதில்லை." அத்தை கேட்டதும் இதுவும் ஒன்றேதான். ஆனால் இங்கே அது கேள்வியாக வரவில்லை. மலத்தில் கிடப்பவர், தனக்கு நேர்ந்ததற்கு நியாயமான காரணம் என்று அவரே நம்பிச் சொல்கிறார். புத்தர் வாதம் செய்யவில்லை, அவருடைய நற்குணங்களை எடுத்துச் சொல்லித் தேற்றவும் இல்லை. தண்ணீர் கொண்டுவா என்றார் ஆனந்தரிடம். புத்தர் ஊற்ற, ஆனந்தர் கழுவிவிட்டார். ஒருவர் தலைப்பக்கம், ஒருவர் கால்பக்கம் பிடித்துத் தூக்கிக் கட்டிலில் படுக்கவைத்தார்கள். பிறகுதான் மற்றவர்களைக் கூட்டி, உங்களுக்கு இங்கே தாயும் இல்லை தகப்பனும் இல்லை, ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ளாவிட்டால் வேறு யார் பார்ப்பார்கள் என்றார். எனக்குப் பணிவிடை செய்ய நினைக்கிறவர் நோயாளிக்குச் செய்யட்டும் என்றார்.

காண்டாமிருகத்தின் ஒற்றைக் கொம்பைப் போலத் தனியே திரி என்று திரும்பத் திரும்பச் சொல்லும் சூத்திரத்தைத் தன் பழம்பாடல்களில் வைத்திருக்கும் மரபு இது. ஏகாந்தத்தை இதைவிட உயர்த்திப் பேசிய மரபு குறைவு. அதே மரபுதான், பிறருக்கு ஒன்றும் செய்யாதவன் என்ற காரணத்துக்காக ஒருவனைக் கைவிடக் கூடாது என்றும் விதி எழுதியது. தனித்திருப்பவன் யார் காலைக் கழுவுவான் என்பது பசிலியாரின் கேள்வி. தனித்திருப்பவனின் உடம்பை யார் கழுவுவது என்பது இங்கே வரும் கேள்வி. முதல் கேள்வியையே சுற்றிக்கொண்டிருந்த எனக்கு, இரண்டாவதுதான் நம்மை நோக்கி வருகிறது என்று பட்டது.

நகராத வெயில்

தனியாக இருப்பவர்கள் நிம்மதியாக இருக்கிறார்கள், நாம்தான் அல்லாடுகிறோம் என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. அந்த எண்ணத்தில்தான், பொறுப்பில்லாதவர்கள் என்ற குற்றச்சாட்டும் ஒளிந்திருக்கிறது. எகிப்தியப் பாலைவனத்தில் வாழ்ந்து 399-ல் இறந்த எவாக்ரியுஸ் என்ற துறவி, தன் அறைக்குள் நடந்ததை ஒரு மருத்துவரின் துல்லியத்தோடு எழுதியிருக்கிறார். காலை பத்து மணி வாக்கில் தொடங்கிப் பிற்பகல் இரண்டு மணி வரை ஒரு பிசாசு வரும் என்கிறார். முதலில் சூரியன் நகராததுபோலத் தோன்றும். ஒரு பகலுக்கு ஐம்பது மணி நேரம் இருப்பதுபோல. பிறகு கண் ஜன்னல் பக்கமே போகும். அறையில் இருப்பவன் எழுந்து வெளியே வந்து, சாப்பாட்டு வேளைக்கு இன்னும் எவ்வளவு இருக்கிறது என்று வெயிலைப் பார்ப்பான். சகோதரர்கள் யாராவது வருகிறார்களா என்று அந்தப் பக்கம் இந்தப் பக்கம் பார்ப்பான். இந்த இடமே பிடிக்காமல் போகும். கைவேலை பிடிக்காமல் போகும். யாருக்கும் நம் மேல் அன்பில்லை என்று தோன்றும். வேறு ஊரில் இருந்தால் இதைவிடச் சுலபமாகப் பிழைக்கலாமே என்று தோன்றும். விட்டு வந்த வீட்டார் முகம் ஒவ்வொன்றாக வரும். இன்னும் எத்தனை வருடம் இப்படியே வாழ வேண்டும் என்று நீண்ட ஆயுள் கண்முன் விரியும்.

நம்மில் யாருக்குத் தெரியாது இந்தப் பிசாசை? கையில் இருக்கும் போனை எடுத்து அதை ஒரு நிமிடத்தில் விரட்டிவிடுகிறோம். மறு நிமிடம் திரும்ப வருகிறது, மறுபடி விரட்டுகிறோம். அந்த அறையில் இருந்தவன் விரட்டாமல் உட்கார்ந்திருந்தான். வேறெதுவும் செய்யவில்லை என்றே வைத்துக்கொண்டாலும், ஒரு மனித மனம் தன்னிடமிருந்து ஓடாமல் இருந்து பார்த்தால் என்ன ஆகும் என்பதை நம் எல்லோர் சார்பிலும் அவன் பார்த்துக்கொண்டிருந்தான். அது சுகம் தேடிப் போனவன் செய்கிற காரியம் இல்லை.

ஆனால் இதை யார்மேலும் திணிக்க முடியாது. 1829-ல் அமெரிக்காவின் பிலடெல்பியாவில் ஒரு சிறைச்சாலை திறந்தார்கள். கொடுமை செய்யும் நோக்கம் இல்லை, நல்லெண்ணம்தான். தனி அறையில் வைத்தால் கைதி தன் மனசாட்சியோடு பேசித் திருந்துவான் என்று நம்பினார்கள். துறவியின் அறையை அப்படியே எடுத்துக்கொண்டார்கள்: ஒருவருக்கு ஓர் அறை, கூரையில் வெளிச்சத்துக்கு ஒரு திறப்பு, பின்னால் சின்ன முற்றம், சாப்பாடு ஒரு துளை வழியாக. வெளியே அழைத்துப் போகும்போது யார் முகத்தையும் பார்க்காதபடி தலையில் முக்காடு. 1842-ல் போய்ப் பார்த்த சார்லஸ் டிக்கன்ஸ், உடம்பை வதைப்பதைவிட மோசமான வதை என்று எழுதினார். ஐக்கிய நாடுகள் சபை 2015-ல் ஏற்றுக்கொண்ட நெல்சன் மண்டேலா விதிகள், தொடர்ந்து 15 நாளுக்கு மேல் யாரையும் தனிமைச் சிறையில் வைக்கக் கூடாது என்கின்றன. அதே சுவர், அதே துளை. ஒருவரை உருக்கி வார்த்தது இன்னொருவரை உடைத்துப்போட்டது. பிள்ளைகள் போய்விட்ட வீட்டில் பேச ஆளில்லாமல் இருக்கும் முதியவரிடம் போய் ஏகாந்தம் இனிது என்று சொல்கிறவர்களிடம் எனக்கு வரும் கோபமும் இதனால்தான். அவர் ஏகாந்தத்தைத் தேர்ந்தெடுக்கவில்லை. அவருக்கு வேண்டியது பாட்டு இல்லை, ஆள்.

உப்பு வணிகனின் கணக்கு

மதுரைக்குப் பக்கத்தில் அழகர்மலையின் ஒரு சரிவில் சமணத் துறவிகள் தங்கிய குகைத்தளம் இருக்கிறது. பாறையைச் சமப்படுத்தி வெட்டிய படுக்கைகள் வரிசையாகக் கிடக்கின்றன. தலைமாட்டில் மட்டும் கல்லைக் கொஞ்சம் உயர்த்தி விட்டிருக்கிறார்கள், தலையணைக்கு. குகையின் நெற்றியில் நீளமாக ஒரு காடி வெட்டியிருக்கிறது. மேலே பெய்யும் மழை அந்தக் காடியோடு ஓடிச் சொட்டிவிடும், உள்ளே ஒழுகாது. பார்க்கப் போனவன் முதலில் அந்தக் காடியைத்தான் வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றேன். எந்தத் திசையிலிருந்து சாரல் வரும், படுத்திருப்பவர் நனைவாரா என்று யோசித்து, உளியோடு சாரத்தில் நின்று வெட்டிய கை அது. துறவி வெட்டியது இல்லை. யார் வெட்டக் கொடுத்தார்கள் என்பது அங்கேயே தமிழ்பிராமி எழுத்தில் பொறித்திருக்கிறது. கி.மு. முதல் நூற்றாண்டு வாக்கிலானவை என்று கணிக்கப்படும் கல்வெட்டுகள். மதுரைப் பொன் கொல்லன் ஒருவன். உப்பு வணிகன் ஒருவன். பாணித வணிகன், அதாவது கரும்புப் பாகு விற்றவன். கொழு வணிகன், ஏருக்கு இரும்பு விற்றவன். அறுவை வணிகன், துணி விற்றவன்.

அந்தப் பெயர்கள் எனக்குப் பெரிய திறப்பாக இருந்தன. அரசன் கொடுத்தான் என்றால் அதில் பெருமை காட்டும் எண்ணம் இருக்கலாம். மாங்குளத்தில் பாண்டியன் நெடுஞ்செழியனின் அதிகாரி வெட்டிக்கொடுத்த படுக்கையும் உண்டுதான். ஆனால் இவர்கள் சந்தையில் இருந்தவர்கள். ஒரு படி உப்புக்கு எவ்வளவு நெல் என்று நாள் முழுக்கப் பேசியவர்கள். ஒவ்வொரு பொருளுக்கும் ஒவ்வொரு ஆளுக்கும் என்ன விலை, என்ன பயன் என்று பார்த்தே பழகிய கண். அந்தக் கண்ணோடு மலையில் இருந்த மனிதரையும் பார்த்திருக்கிறார்கள். உப்பில்லாமலே சாப்பிடக்கூடியவர், துணியே வேண்டாதவராகக்கூட இருந்திருக்கலாம், பொன்னைத் தொடாதவர். இவர்கள் விற்கும் எதுவுமே தேவைப்படாத ஒருவர். அவருக்கு விற்க ஒன்றும் இல்லை என்று தெரிந்ததும், மழை ஒழுகாமல் பார்த்துக்கொள்ள உளி பிடிக்கும் ஆளுக்குக் கூலி கொடுத்திருக்கிறார்கள்.

புண்ணியத்துக்காகக் கொடுத்தார்கள், அதுவும் ஒரு கொள்முதல்தானே என்று கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்விதான். ஆனால் புண்ணியம் அந்தத் துறவி எண்ணிக் கொடுக்கக்கூடிய சரக்கு இல்லை. கொடுத்துவிட்டு, என் பங்கு எங்கே என்று அவரிடம் போய் நிற்க முடியாது. பேரம் பேசியே வாழ்ந்தவர்கள், பேரம் செல்லுபடியாகாத ஓர் இடம் தங்கள் ஊருக்கு மேலே மலையில் இருக்கட்டும் என்று விரும்பினார்கள். நாள் முழுவதும் எல்லாரும் எதையாவது கேட்கும் உலகத்தில், நம்மிடம் எதுவுமே வேண்டாத ஒரு முகம் இருக்கிறது என்பது எவ்வளவு பெரிய ஆறுதல் என்று அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. அந்தோணியாரின் கதவைப் பெயர்த்தவர்கள் உபதேசம் கேட்கவா அவ்வளவு அவசரப்பட்டார்கள்? உபதேசம் அவருடைய குரலாகக் கதவு வழியே ஏற்கெனவே வந்துகொண்டுதானே இருந்தது. அவர்களுக்கு அந்த முகத்தைப் பார்க்க வேண்டியிருந்தது.

சித்தப்பாவின் அறையில் எனக்குக் கிடைத்ததும் இதுதான். மற்ற எல்லா வீட்டிலும் என்ன சம்பளம், எப்போது கல்யாணம், அடுத்தது என்ன என்ற கேள்விகளுக்கு நடுவில்தான் உட்கார வேண்டியிருக்கும். அவர் கேட்டதில்லை. கேட்கக் கூடாது என்று அடக்கிக்கொண்டிருந்தவர் இல்லை, அதெல்லாம் அவருக்கு வேண்டியிருக்கவில்லை. போனால் நாற்காலியில் இருக்கும் புத்தகத்தை எடுத்துவிட்டு உட்காரச் சொல்வார். பேசினால் கேட்பார், பேசாவிட்டால் அவர் பாட்டுக்குப் படிப்பார். கிளம்பும்போது அடுத்து எப்போது வருவாய் என்றும் கேட்கமாட்டார். நான் யாராகவும் இருந்து காட்ட வேண்டியிராத இடம் அது ஒன்றுதான். அத்தையிடம் இதை எப்படிப் பிரயோஜனம் என்று சொல்வது? பிரயோஜனம் என்று சொன்னால், அவர் எனக்குச் செய்த உதவியாக அது சுருங்கிவிடும். அவர் எதுவும் செய்யவில்லை.

துறந்தார்க்குத் துப்புரவு வேண்டி மறந்தார்கொல் மற்றை யவர்கள் தவம் என்று வள்ளுவர் கேட்கிறார். துறந்தவர்களுக்கு வேண்டியதைத் தந்து தாங்க வேண்டும் என்றுதான் மற்றவர்களெல்லாம் தவம் செய்ய மறந்துபோனார்களோ என்கிறார். உப்பு வணிகன் மறந்த தவத்தை மலையில் ஒருவர் செய்துகொண்டிருந்தார், மலையில் இருந்தவருக்கு வேண்டிய கூரையை உப்பு வணிகன் பார்த்துக்கொண்டான்.

சாராவும் ஆலிஸும்

இப்படிச் சொல்லி முடித்துவிடலாம்தான், ஆனால் தாங்கியவர்கள் எல்லாருக்கும் கல்லில் பெயர் கிடைக்கவில்லை என்பது உறுத்துகிறது. தனித்துப் போன ஆண்களின் கதைகளில் வாசலில் ஒரு பெண் நிற்கிறாள். அந்தோணியாரின் தங்கையிடம், கன்னியரோடு போய் இருக்கச் சம்மதமா என்று கேட்கப்பட்டதாகத் தெரியவில்லை. ரமணரைத் தேடி 1898-ல் அவர் அம்மா அழகம்மாள் வந்து அழுது மன்றாடியபோது பிள்ளை வாய் திறக்கவில்லை. நடப்பது நடந்தே தீரும் என்ற பொருளில் எழுதிக் காட்டினார். 1916-ல் அந்த அம்மாவே மலைக்கு வந்து தங்கிவிட்டார், அங்கே அடுப்பு எரியத் தொடங்கியது அவர் கையால்தான். தனித்துப் போக விரும்பிய பெண்ணுக்கோ வழி இன்னும் கடினம். காரைக்கால் அம்மையார் திருவாலங்காட்டுச் சுடுகாட்டில் தனியே இருந்து பாட வேண்டுமென்றால், முதலில் அழகான உடம்பை உதறிப் பேயுருவை வரமாகக் கேட்க வேண்டியிருந்தது. அப்படி ஆனால்தான் ஒரு பெண்ணைத் தனியே இருக்க விடுவார்கள் என்பதை அவரைவிட நன்றாக யாரும் தெரிந்துவைத்திருக்கவில்லை.

இடைக்கால இங்கிலாந்தில் பெண்களுக்கு வேறொரு வழி இருந்தது. தேவாலயச் சுவரை ஒட்டிக் கட்டிய சின்ன அறைக்குள் வாழ்நாள் முழுக்க அடைபட்டு இருக்க ஆயர் அனுமதி தருவார். உள்ளே போகும் சடங்கில் இறந்தவர்களுக்கான மன்றாட்டுகள்கூட ஓதப்படும். தேவாலயத்துப் பக்கம் ஒரு ஜன்னல், தெருப் பக்கம் ஒரு ஜன்னல், பணிப்பெண்ணுக்காக இன்னொன்று. ஆண்களைவிடப் பெண்களே அதிகமாக இந்த வாழ்க்கைக்குப் போனார்கள். அவர்களுக்காக 13-ஆம் நூற்றாண்டில் எழுதப்பட்ட கையேடு, பூனையைத் தவிர வேறு பிராணி வைத்துக்கொள்ளக் கூடாது என்கிறது. ஊர்ச் செய்தியெல்லாம் மாவு மில்லிலும் சந்தையிலும் உலைக்களத்திலும் இந்த அறைகளிலும்தான் கிடைக்கும் என்று பழமொழியே இருப்பதாகக் கண்டிக்கிறது. ஷியர் என்ற ஊரில் தச்சர் ஒருவரின் மகள் கிறிஸ்டினா 1329-ல் உள்ளே போனாள், பிறகு வெளியே வந்துவிட்டாள், 1332-ல் திரும்ப உள்ளே விடும்படி கேட்டு அனுமதியும் பெற்றாள். வெளியே வந்ததையும் திரும்பக் கேட்டதையும் சேர்த்தே நான் மதிக்கிறேன்.

நார்விச் நகரில் அப்படி வாழ்ந்த ஜூலியனை இன்று உலகம் அறியும். 1373 மே மாதம் சாகக் கிடந்தபோது கண்ட காட்சிகளை ஏறக்குறைய 20 வருடம் யோசித்து யோசித்து விரித்து எழுதினார். ஆங்கிலத்தில் பெண் ஒருவர் எழுதியதாகத் தெரிந்து நமக்குக் கிடைத்திருக்கும் நூல்களில் அதுவே மிகப் பழையது. ஆனால் அது அச்சேறியது 1670-ல். அவர் வாழ்ந்த காலத்து ஊர்க்காரர்கள் உயிலில் அவருக்குக் காசு எழுதிவைத்தபோது, ஒரு பெரிய நூலாசிரியருக்கு எழுதிவைக்கவில்லை. சுவருக்குள் இருக்கும் ஒரு பெண்ணுக்கு எழுதிவைத்தார்கள். அந்த உயில்களில்தான் நான் தேடியவர்களும் இருக்கிறார்கள். 1404-ல் ஒருவர் ஜூலியனுக்கு 12 பென்ஸ் வைத்து, அவரோடு வாழும் சாராவுக்கு 8 பென்ஸ் வைத்தார். 1415-ல் இன்னொருவர் ஜூலியனுக்கு 40 பென்ஸ், இப்போதைய பணிப்பெண்ணுக்கு 12, முன்பு வேலை செய்த ஆலிஸுக்கும் 12 என்று எழுதினார். தண்ணீர் கொண்டுவந்தவர்கள், சமைத்தவர்கள், கழிவை எடுத்துப்போய்க் கொட்டியவர்கள். ஆலிஸ் அப்போது அந்த வேலையில்கூட இல்லை. இருந்தும் சாகப்போகிற ஒருவர், ஒரு காலத்தில் அந்த ஜன்னல் வழியாகச் சாப்பாடு கொடுத்தவள் என்று அவளை நினைவில் வைத்திருந்து, பெயர் சொல்லிப் பங்கு பிரித்துக் கொடுத்திருக்கிறார்.